எழுபத்தைந்து சீட்டுகள்

குறி சொல்ல நான் வைத்திருக்கும் டாரோ சீட்டுக் கட்டில் மூன்று சீட்டுகளின் முதுகில் மட்டும் பென்சிலால் எண் போட்டிருக்கும். 76, 77, 78. ஒவ்வொரு எண்ணுக்குக் கீழேயும் சின்னதாக ஓர் இனிஷியல். வலது மூலையில், அடிக்கோல் வைத்து எழுதியது போல நேரான கையெழுத்து. சீட்டுகளைக் கவிழ்த்து மேசைமேல் விசிறியாகப் பரப்பும்போது அந்த மூன்றும் எங்கே கிடக்கின்றன என்று எனக்கு உடனே தெரிந்துவிடும். இந்தத் தொழிலில் அப்படித் தெரியக் கூடாது. முதுகில் ஒரு கீறல் விழுந்தாலே கட்டை மாற்றிவிட வேண்டும் என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் புதுக் கட்டு வாங்கித் தருவதாக இரண்டு முறை சொல்லிவிட்டார். "ரப்பர் வெச்சு அழிச்சிட்டுப் போயேன்" என்று யோசனையும் சொன்னார். நான் அழிக்கவில்லை, மாற்றவும் இல்லை. எண் போட்டவர் இப்போது இல்லை. இருந்தால் அவரே ஒரு நாள் எடுத்து எண்ணிப் பார்ப்பார்.

அவர் கடலூர் கோர்ட்டில் சிரஸ்தாராக இருந்தார். ஆபீசுக்குள் வரும் வழக்குக் கட்டுகளையும் வெளியே போகும் கட்டுகளையும் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிற பெரிய பொறுப்பு. தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அவர் சிரஸ்தார் அக்கா. நானும் அப்படியே கூப்பிட்டேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

அக்காவைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் என் பிழைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்துப் பதினோரு வருடங்களுக்கு முன்பு நான் ஒரு தனியார் பள்ளிக்கூட ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். ஓயாத தலைவலி. யாரோ சொன்னார்கள் என்று பாண்டிச்சேரியில் ஓர் அம்மாவிடம் ரெய்கிக்குப் போனேன். அவர் என் தலைமேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான் வைத்தியம். தலைவலி போனதா என்று கேட்டால் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கல்யாணமான பிறகு முக்கால் மணி நேரம் யாரும் எதையும் கேட்காமல், எதையும் எடுத்துத் தரச் சொல்லாமல் என்னைப் படுக்க விட்டது அன்றைக்குத்தான். அதற்காகவே திரும்பத் திரும்பப் போனேன். அப்புறம் நானே கற்றுக்கொண்டு, மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு பெஞ்சைப் போட்டு, கைவைக்க ஆரம்பித்தேன். "அந்தக் கையால நம்ம ஃபிரிட்ஜையும் ஒரு தடவ தொடேன்" என்று வீட்டுக்காரர் இன்றுவரை கிண்டல் செய்கிறார். அவர் எலக்ட்ரிகல் கடையில் வேலை செய்கிறவர். அவருக்குக் கண்ணுக்குத் தெரிகிற ஒயர் வேண்டும்.

டாரோ பின்னால் வந்து சேர்ந்தது. ரெய்கி முடிந்து எழுந்தவர்கள் புடவையைச் சரிசெய்துகொண்டே, "எல்லாம் சரியாயிடுமா?" என்று கேட்டார்கள். அதற்குச் சொல்ல ஏதாவது ஒன்று தேவைப்பட்டது. செவ்வாயும் சனியும் சிதம்பரத்தில், கீழவீதிக்குப் பின்னால் ஒரு தையல் கடையின் மாடியில் உட்காருகிறேன். காலை பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் முட்லூர் வரை தூக்கம். முதல் தடவை வருகிறவர்களில் பாதிப் பேர் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கிளி எங்கம்மா?" என்பார்கள். "கிளிக்கு இன்னிக்கு லீவு" என்பேன். சிரிப்பார்கள். அப்புறம் அழுவார்கள். மருமகள், மாப்பிள்ளை, வேலை, விசா, குழந்தையில்லாதது. இந்த வேலையில் கை வலிப்பதில்லை, காதுதான் வலிக்கிறது. சாயங்காலம் பஸ் ஏறும்போது, அன்றைக்கு எத்தனை முறை "நல்லாயிடும்" என்று சொன்னேன் என்று நினைத்துப் பார்த்தால் வாய் கசக்கும். வீட்டுக்கு வந்து, கேஸ் தீர்ந்துவிட்டது என்று வீட்டுக்காரர் சொன்னாலும் அதே வாய் "நல்லாயிடும்" என்கிறது.

எழுபத்தெட்டு சீட்டுகளில் மூன்றை நான் முதல் வருடமே எடுத்துவிட்டேன். கீரப்பாளையத்துப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா மகனுக்குப் பெண் அமையுமா என்று கேட்டு வந்திருந்தார். அவர் எடுத்த சீட்டில் எலும்புக்கூடு வந்தது. கவசம் போட்டுக்கொண்டு வெள்ளைக் குதிரையில் வருகிற எலும்புக்கூடு. "இது சாவு இல்லம்மா, மாற்றம்னு அர்த்தம்" என்று நான் ஆரம்பிப்பதற்குள் அந்த அம்மா எழுந்து, செருப்பைக்கூட மாட்டாமல் படியிறங்கி, நேராகக் கோயிலுக்குப் போய்விட்டார். அடுத்த சனிக்கிழமை அவருடைய வீட்டுக்காரர் வந்தார். "பையனுக்குப் பொண்ணு கேக்க வந்தவகிட்ட பாடையக் காட்டி அனுப்பிக்கினு இருக்கியேம்மா. மூணு நாளா சோறு தண்ணி இல்லாம கெடக்கறா" என்று சத்தம் போட்டுவிட்டு, மூலையில் கிடந்த செருப்பை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கே அந்தச் சீட்டை எடுத்தேன். எடுத்த கையோடு, இடி விழுந்து கோபுரம் பிளக்கிற சீட்டையும் எடுத்தேன். அதைச் சிதம்பரத்தில் உட்கார்ந்துகொண்டு யாரிடம் காட்ட முடியும்? மூன்றாவது, முதுகில் பத்துக் கத்தி குத்தியபடி ஒரு மனிதன் குப்புறக் கிடக்கிற சீட்டு. மூன்றையும் பழைய ரேஷன் கார்டு உறையில் போட்டுப் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்தேன். அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் முகம் தெளிந்து திரும்பிப் போனார்கள். இரக்கத்தில்தான் செய்தேன் என்று சொல்லிக்கொண்டேன். பாதி இரக்கம், மீதி சண்டைக்கு வருகிற வீட்டுக்காரர்களைச் சமாளிக்கத் தெம்பில்லாத அலுப்பு.

சிரஸ்தார் அக்கா என்னிடம் தூக்கமில்லை என்றுதான் முதலில் வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கணவர் இல்லை. ஒரே மகள், சிதம்பரத்தில் கட்டிக் கொடுத்திருந்தார். கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கம் கட்டியிருப்பார். கைப்பையில் எப்போதும் மூடி போட்ட பென்சில் ஒன்று. வந்த முதல் நாள் சுவரில் மாட்டியிருந்த என் ரெய்கி சான்றிதழை நின்றவாறே கடைசி வரி வரை படித்தார். "இதுல தேதியே இல்லியேம்மா" என்றார். அத்தனை வருடத்தில் அதை யாரும் கவனித்ததில்லை, நானும் உட்பட. ஒரு கட்டு கைக்கு வந்தால் முதலில் பக்கம் எண்ணுவேன், என்ன எழுதியிருக்கிறது என்பதெல்லாம் அப்புறம்தான் என்று ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னார். என் வீட்டு மேசையில் கிடந்த கல்யாணப் பத்திரிகையைக்கூடப் புரட்டிப் பக்கம் எண்ணுகிற கை அது. இப்படிப்பட்டவர் என்னிடம் எதற்கு வந்தார் என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். பகல் முழுக்கச் சாட்சி, ஆதாரம் என்று இருப்பவருக்கு, ஒரு மணி நேரமாவது அது இல்லாத இடம் வேண்டியிருந்ததோ என்னவோ.

ரெய்கியில் தலையில் ஆரம்பித்துக் கண், தொண்டை, நெஞ்சு, வயிறு என்று கை இறங்கும். நெஞ்சுக்கு நேரே தொடாமல் ஒரு சாண் மேலே கையை நிறுத்துவேன். நாலைந்து வாரமாகவே கவனித்தேன், கை அந்த இடத்துக்கு வரும்போது அக்கா முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். ஒரு நாள் கண்ணை மூடியபடியே சொன்னார்.

"இடது பக்கம் கோலிகுண்டு மாதிரி ஒண்ணு இருக்கு. வலியெல்லாம் இல்ல. யார்கிட்டயும் சொல்லல, எம்பொண்ணுக்கே தெரியாது."

"டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிடலாமேக்கா."

"எங்க சித்திக்கும் இதான். கத்தி வெச்சாங்க, பரவிடுச்சு. எட்டாம் மாசம் தூக்கிட்டுப் போனோம். கத்தி படாம இருந்திருந்தா இன்னும் பத்து வருஷம் இருந்திருக்கும்." எழுந்து உட்கார்ந்தார். "நீ கார்டப் பாரு. கெட்டதுன்னு வந்தா போறேன்."

நான் பார்த்தேன். இதை எழுதும்போது விரல் நிற்கிறது. முடியாது, இதற்கெல்லாம் பார்க்க மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சீட்டுகளைப் பரப்பினேன், அக்கா மூன்று எடுத்தார். ஒன்றில் சூரியன், குதிரைமேல் குழந்தை. ஒன்றில் திராட்சைத் தோட்டத்தில் கையில் பறவையோடு ஒரு பெண். இன்னொன்றில் வரிசையாகக் கிண்ணங்கள். "பயப்படற மாதிரி ஒண்ணும் காட்டலக்கா" என்றேன். "இருந்தாலும் டாக்டர்..." என்று தொடங்கியதை அக்கா காதில் வாங்கவில்லை. நானும் காதில் விழுகிற குரலில் சொல்லவில்லை. அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதி. அன்றைக்குப் போகும்போது வாசலில் நின்று மல்லிகைப்பூ வாங்கி எனக்குப் பாதி கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அதே கேள்வி. ஒவ்வொரு முறையும் நல்ல சீட்டு. ஐந்து மாதம். இடையில் ஒரு நாள், கைக்குச் சூடு குறைந்த மாதிரி இருக்கிறது, கரைகிறது போலிருக்கிறது என்றும் சொன்னேன். பீரோவில் இருந்த மூன்றும் எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லையா என்றால், வந்தது. எழுபத்தெட்டில் மூன்றுதானே, உள்ளே இருந்திருந்தாலும் அக்கா கைக்கு வந்திருக்கும் என்று என்ன நிச்சயம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்படியொரு சமாதானம் தேவைப்பட்டதே எனக்கு எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் அக்கா வந்திருந்தார். சீட்டுக் கட்டை மேசைமேல் வைத்தேன். அந்த நேரம் பார்த்துப் பண்ருட்டியிலிருந்து ஓர் அம்மா போனில் அழ, நான் உள்ளறைக்குப் போய்ப் பேசிவிட்டுப் பத்து நிமிடம் கழித்து வந்தேன். அக்காவின் கை சும்மா இருக்குமா? கட்டை எடுத்து, கட்டைவிரலை நாக்கில் தொட்டுத் தொட்டு, முந்திரிக்காரன் பருப்பு பிரிக்கிற வேகத்தில் எண்ணி முடித்திருந்தார். டப்பாவின் மேல் அச்சடித்திருந்த எண்ணையும் பார்த்திருந்தார்.

"எத்தன இருக்கணும்?"

"எழுபத்தெட்டுக்கா."

"எழுபத்தஞ்சுதான் இருக்கு. ரெண்டு தரம் எண்ணிட்டேன்."

தொலைந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. ஆனால் முப்பது வருடம் கோர்ட்டில் அப்படிச் சொல்கிறவர்களின் முகத்தைப் பார்த்தவர் எதிரில் உட்கார்ந்திருந்தார். சொல்லிவிட்டேன். எந்த மூன்று, ஏன் எடுத்தேன், எங்கே வைத்திருக்கிறேன், எல்லாம். கீரப்பாளையத்து அம்மாவின் செருப்பு வரை சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை.

"அப்ப அஞ்சு மாசமா நான் கேட்டதுக்கு, ரொம்பக் கெட்டதுன்னு பதில் வர வழியே இல்ல."

"நீங்க பயந்துடுவீங்கன்னுதான்க்கா..."

"பயந்திருந்தா போயிருப்பேன்ம்மா."

சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் சீட்டுகளைத் தட்டி ஓரம் சேர்த்து, ரப்பர் பேண்டு போட்டு, என் பக்கமாகத் தள்ளி வைத்தார். மழை கொஞ்சம் விட்டதும் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நாளைக்கு லீவு சொல்லிடறேன். பாண்டிக்குப் போகணும். நீயும் வா" என்றார். கூப்பிட்ட மாதிரி இல்லை, சம்மன் மாதிரி இருந்தது.

மறுநாள் பஸ்ஸில் பெண்ணையாற்றுப் பாலம் தாண்டினோம். தவளக்குப்பம் வந்ததும், "இட்லி கட்டியாந்திருக்கேன். நீ ஒண்ணும் சாப்ட்ருக்க மாட்ட" என்று பொட்டலத்தை என் மடியில் வைத்தார். தின்றேன். மிளகாய்ப்பொடி காரத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் இளம்பெண், பொறுமையாகத்தான் பரிசோதித்தார். கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார், எவ்வளவு நாளாக இருக்கிறது என்று. அஞ்சு ஆறு மாசமா, என்றார் அக்கா. "தெரிஞ்ச உடனே ஏம்மா வரல?" என்றார் டாக்டர். நான் அக்காவின் கைப்பையைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நின்றிருந்தேன். இப்போது என்னைக் காட்டுவார், காட்டட்டும் என்று நினைத்தேன். அக்கா என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"ஆபீஸ்ல வேல ஜாஸ்தி டாக்டர்" என்றார்.

முப்பது வருடம் பக்கம் எண்ணியவர், எனக்காக ஒரு பொய்யைப் பதிவில் ஏற்றினார். அன்றிலிருந்து அதைச் சுமக்கிறேன்.

சோதனையெல்லாம் முடிந்து சொன்னார்கள். அக்குளுக்கும் அதைத் தாண்டியும் போயிருந்தது. கொஞ்சம் முன்னாலேயே வந்திருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னதை நானும் கூட இருந்துதான் கேட்டேன். ஆபரேஷன், அப்புறம் ஊசி, அப்புறம் மறுபடி ஊசி. அக்கா ஒன்றரை வருடம் இருந்தார். மகள் சனி ஞாயிறு சிதம்பரத்திலிருந்து வந்துபோவாள். மற்ற நாளில் புதுப்பாளையத்து வீட்டில் சமையலுக்கு ஒரு பெண், அவ்வளவுதான். இரண்டாவது ஊசி போட்ட வாரத்தில் அக்காவே போன் செய்து என்னைக் கூப்பிட்டார். தலையில் துண்டு கட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "கைய மட்டும் வை. வாயத் தொறக்காத" என்றார். வைத்தேன். அதற்குப் பிறகு வாரத்தில் மூன்று நாள் போனேன். ஃபேன் சத்தம், தெருவில் மீன்காரம்மாவின் குரல், அக்காவின் மூச்சு. கரைகிறது, சூடு குறைகிறது, நல்லாயிடும் என்கிற பேச்சே கிடையாது. சில நாள் அக்கா தூங்கிவிடுவார், அவர் எழும்வரை கையை எடுக்காமல் உட்கார்ந்திருப்பேன். தோள் விட்டுப்போகும். இத்தனை வருடத்தில் நான் ஒழுங்காகச் செய்த ரெய்கி அது ஒன்றுதான்.

ஒரு நாள் கேட்டார். "அந்த மூணையும் கொண்டாந்து காட்டு."

மறுநாள் ரேஷன் கார்டு உறையோடு கொண்டுபோனேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார், அவர் எல்லாக் காகிதத்தையும் பார்ப்பது போல. எலும்புக்கூட்டைப் பார்த்து, "குதிர நல்லாருக்கு" என்றார். கோபுரத்தைப் பார்த்து, "பாவம், ரெண்டு பேரு குதிக்கிறாங்க" என்றார். பத்துக் கத்தியை மட்டும் ரொம்ப நேரம் வைத்திருந்தார்.

"கத்தி பட்டதால பரவலம்மா. அதுக்கு முன்னாடியே பரவிட்டிருந்துச்சு. சித்திக்கும் அப்பிடித்தான் இருந்திருக்கும், யாரு கண்டா."

"மன்னிச்சிடுங்கக்கா" என்றேன். அதற்கு முன்னால் பத்து முறை சொல்ல வந்து விழுங்கிய வார்த்தை.

"அதான் டாக்டர்கிட்ட சொல்லிட்டேனே, ஆபீஸ்ல வேலன்னு. அதுவும் முழுப் பொய்யில்ல, வேல ஜாஸ்திதான்." கைப்பையைக் காட்டினார். எடுத்துக் கொடுத்தேன். பென்சிலின் மூடியைக் கழற்றி, சீட்டுகளைத் திருப்பி, 76, 77, 78 என்று எழுதி, கை நடுங்காமலிருக்க இடது கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் இனிஷியல் போட்டார். "இனிமே இத எடுத்தா எண்ணிக்கையில தெரிஞ்சிடும்" என்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் திரும்பக் கேட்கவில்லை.

பங்குனியில் அக்கா போய்விட்டார். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். மகள் என்னைப் பார்த்ததும் ஓடிவந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அம்மா சொன்னாங்க ஆண்ட்டி. ஆஸ்பத்திரிக்கே போக மாட்டேன்னு இருந்தவங்கள நீங்கதான் கூட வந்து அழைச்சுட்டுப் போனீங்களாம். நீங்க இல்லன்னா இந்த ஒன்ற வருஷம்கூட எங்களுக்குக் கெடச்சிருக்காது" என்று அழுதாள். சுற்றி இருந்த உறவுக்காரர்கள் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். முதல் பந்தியில் உட்காரவைத்தார்கள். பாயசம் இரண்டாவது முறை ஊற்றினார்கள், குடித்தேன். அங்கே, அந்தக் கூட்டத்தில் சொல்ல முடியாது என்பது உண்மைதான். அப்புறம் சொல்ல எவ்வளவோ நாள் இருந்தது, சொல்லவில்லை என்பதும் உண்மை. வீட்டுக்கு வந்து மூன்று சீட்டுகளையும் கட்டோடு சேர்த்தேன். அதுதான் என்னால் முடிந்தது.

ஒரு வருடம் கழித்து, ஒரு சனிக்கிழமை, மகள் சிதம்பரத்து மாடிக்கு வந்தாள். பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறாள். சாக்பீஸ் தூள் புடவைத் தலைப்பில் ஒட்டியிருந்தது. உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள்.

"எனக்கும் செக் பண்ணிக்கச் சொல்றாங்க ஆண்ட்டி. அம்மாவுக்கு இருந்ததால. போகணும் போகணும்னு தள்ளிக்கிட்டே வர்றேன். பயமா இருக்கு. நீங்க ஒரு தடவ கார்டு பாத்துச் சொல்லிட்டீங்கன்னா... அம்மாவுக்கே நீங்கதான பாத்தீங்க."

நான் பதில் சொல்வதற்கு முன்னால் என் கை கட்டைக் கலைத்துப் பரப்பிவிட்டது. பழக்கம் அப்படி. அவள் கண்ணை மூடி ஏதோ வேண்டிக்கொண்டு, கையை நீட்டி, சீட்டுகளின் மேலாகவே கொண்டுபோனாள். பாதி வழியில் கை நின்றது. கண்ணைத் திறந்து குனிந்து பார்த்தாள்.

"இது அம்மா போட்ட இனிஷியல். என் ரேங்க் கார்டுல எல்லாம் இப்பிடித்தான் போடுவாங்க." என்னைப் பார்த்தாள். "இதுல எதுக்கு ஆண்ட்டி போட்டாங்க?"

கீழே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். எடுத்துவைத்த மூன்று சீட்டு, ஐந்து மாதம், சூடு குறைகிறது என்று நான் சொன்னது, மழை நாளில் அம்மா எண்ணியது, டாக்டரிடம் சொன்ன பொய். ஒன்றையும் விடவில்லை, எனக்குச் சாதகமாக எதையும் சேர்க்கவில்லை. "நான் அழைச்சுட்டுப் போகலம்மா. உங்க அம்மாதான் என்னைய அழைச்சுட்டுப் போனாங்க" என்று முடித்தேன். அவள் அழுவாள், திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் சீட்டுகளை வாரி ஒன்றாகச் சேர்த்தாள். கட்டைவிரலை நாக்கில் தொட்டு எண்ண ஆரம்பித்தாள். அதே வேகம். எழுபத்தெட்டு வந்ததும் கட்டை மேசைமேல் வைத்தாள்.

"சரியா இருக்கு" என்றாள். எழுந்து கைப்பையை மாட்டிக்கொண்டாள். "திங்கக்கெழம லீவு போட்டுட்டுப் பாண்டிக்குப் போறேன்."

"நானும் கூட வரட்டுமாம்மா?"

"வேணாம். நீங்க வர வேணாம்."

படியிறங்கி, நின்று செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். ஆண்ட்டி என்ற சொல் அந்தக் கடைசி இரண்டு வாக்கியத்தில் இல்லை. அவள் கோபம் நியாயம் என்று தெரிந்தும் வலித்தது. பதினேழு நாள் கழித்து, நான் கடலூர் திரும்புகிற பஸ்ஸில் இருக்கும்போது போனில் ஒரு வரி வந்தது. ஒன்றும் இல்லையாம், வருடத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டுமாம். வேறு எதுவும் எழுதவில்லை. பதிலுக்கு எதையெதையோ எழுதி அழித்தேன். கடைசியில் "சரிம்மா" என்று மட்டும் அனுப்பினேன். முட்லூர் தாண்டி, புதுச்சத்திரம் தாண்டி, கடலூர் வரும்வரை தூக்கம் வரவில்லை.

தொழிலை விட்டுவிடவில்லை. விடும் துணிச்சலும் இல்லை, விட்டுவிட்டு வேறென்ன செய்வது என்றும் தெரியவில்லை. உடம்புக்கு என்று வருகிறவர்களுக்குச் சீட்டைத் திறப்பதில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டினால்தான் கையே வைக்கிறேன். அதனால் வருகிறவர்கள் குறைந்திருக்கிறார்கள். மற்றவர்களிடம் பார்ப்பதற்கு முன்னால், அந்த மூன்றையும் அடியில் வைத்துக் கட்டைக் கொடுத்து எண்ணச் சொல்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள், சிலருக்கு எரிச்சல். போன செவ்வாய்க்கிழமை வந்த பெண், "கிளி வெச்சிருந்தா இந்த வேலையெல்லாம் அது பாத்துக்கும்" என்று சொல்லிக்கொண்டே எண்ண உட்கார்ந்தாள். நடுவில் தப்புவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். நான் அவசரப்படுத்தவில்லை. எழுபதைத் தாண்டியதும் எப்போதும் போல என் முதுகு நேரானது. எழுபத்தைந்தில் அவள் கொஞ்சம் நிறுத்தி, அடுத்த சீட்டின் முதுகில் இருந்த பென்சில் எழுத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

"இது யாரு போட்டது?"

"என்னைய எண்ணிப் பாத்தவங்க ஒருத்தவங்க" என்றேன். "நிறுத்தாத, இன்னும் மூணு இருக்கு."